மாலை மக்கிய மண்

ஜூன் 9, திங்கள்

அங்கன்வாடி மையங்களில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. காய்கறி, கீரை, ஓரத்தில் பூச்செடி. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். விதைப் பொட்டலம் வந்துவிட்டது. மண் வரவில்லை. மண் எங்கேயும் கிடக்கும் என்று நினைப்பவர்கள் எழுதிய உத்தரவு.

எங்கள் மையத்தின் பின்னால் இருப்பது மண் அல்ல. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர், மிச்சத்தை அள்ளிப்போக ஒரு டிராக்டர் நடை வீணாகும் என்று எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளி, மேலே கொஞ்சம் செம்மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார். கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். ‘ணங்’ என்று தோள் வரைக்கும் அதிர்ந்தது. பிள்ளைகள் படிக்கும் இடம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். பணக்காரப் பள்ளிக்கூடத்தில் இப்படிப் புதைத்திருப்பாரா?

பஞ்சவர்ணம் அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார். மையத்தின் உதவியாளர். சமைப்பது, பிள்ளைகளைக் கூட்டி வருவது, கால் கழுவிவிடுவது எல்லாம் அவர்தான். இந்தத் தெருவிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர்.

“காலேசுல இதெல்லாமா டீச்சர் சொல்லிக்குடுத்தாக?”

“நான் படிச்சது ஹிஸ்டரி அக்கா. தோண்டுறதுதான் பாடமே.”

கையில் டீ. அவருடைய தம்ளரில். நான் மையத்துத் தம்ளரில்தான் குடிக்கிறேன், ரெண்டு முறை ஊற்றி. அவர் மட்டும் தினமும் வீட்டிலிருந்து பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளரைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 11, புதன்

டைல்ஸ் உடைசல். மூட்டையோடு இறுகிப்போன சிமென்ட். ஒற்றைச் செருப்பு. கடைசியில் ஒரு கக்கூஸ் பீங்கானின் பாதி.

பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நாலு வயது யாழினி கேட்டாள்: “டீச்சர், ஆய் போற எடத்துலயா வெண்டிக்கா போடப்போறோம்?”

“இல்லடி. அத எடுத்துட்டுத்தான் போடப்போறோம்.”

“மிச்ச பாதி எங்க?”

தெரியவில்லை என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. மதியம் வரை குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் எனக்குக் கொப்புளம். நன்றாகத் தூக்கம் வரும்.

ஜூன் 14, சனி

கல்லைச் சலித்து மிஞ்சிய மண்ணை ஒரு பாட்டிலில் பாதி நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ராத்திரி வைத்தேன். காலையில் அடியில் மணல், நடுவில் களி, அதன்மேல் பால் ஆடை போல வெள்ளைப் படலம். சிமென்ட்டின் சுண்ணாம்பு. மேலே ஒரு சருகுத் துணுக்குகூட மிதக்கவில்லை. உயிரில்லாத மண். மக்கிய உரம் நிறைய வேண்டும். எரு கேட்டால் மாட்டுக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு ஆட்களுக்குப் பேசி வைத்துவிட்டார்களாம்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அண்ணன் பெயர் வீரணன். ரயில் கேட்டுக்கு அப்பால் சுடுகாட்டில் வேலை. அப்பா செய்தது, அப்பாவுக்குப் பிறகு அவன். குழி வெட்டுவது, சிதை அடுக்குவது, காலையில் கூட்டிப் பெருக்குவது. பிணத்தோடு வரும் மாலைகளைத் தெற்கு மூலையில் குவிப்பான். அப்பா காலத்திலிருந்து குவிகிறது. அடியில் டீத்தூள் போலக் கறுத்து உதிரும். நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் வீட்டு ரோஜாவுக்கு அதைத்தான் போடுவோம். அந்தப் பூவை வைத்துக்கொண்டு போவேன். “எங்கடி வாங்குன, இம்புட்டுப் பெருசா இருக்கு” என்று ஒருத்தி தினமும் கேட்பாள். சொன்னதில்லை.

இங்கே என்ன நிலவரம் என்றால், நான் சேர்ந்த வாரமே தெருவில் கேட்டார்கள், “டீச்சருக்கு எந்தப் பக்கம்?” பக்கம் என்றால் பக்கம் அல்ல என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “பஸ் ஸ்டாண்டுப் பக்கம்” என்றேன். பொய் இல்லை, வாடகை வீடு அங்கேதான். நான் போடும் சோற்றைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அதற்காக மட்டும்தான். மற்றபடி எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஜூன் 18, புதன்

அண்ணன் மொபெட்டில் முன்னும் பின்னும் மூட்டை கட்டி வந்தான். மையத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

“சாம்பலும் கொஞ்சம் கலந்து தரவா பாப்பா? நம்மகிட்ட இல்லாததா.”

“சும்மா இருண்ணே. சுண்ணாம்பு மண்ணுக்குச் சாம்பல் ஆகாது.”

“ஆகாதது அது ஒண்ணுதானாக்கும்” என்று சிரித்தான்.

பஞ்சவர்ணம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “யாரு டீச்சர்?”

“உரம் கொண்டாந்து போடுறவரு.”

அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. “ஆமாத்தா” என்றான். பிறகு என்னிடம், “எங்கிட்டு எறக்கணும் டீச்சர்?”

டீச்சர் என்று அவன் சொன்னது இயல்பாக இருந்தது. நல்லவேளை.

ஜூன் 20, வெள்ளி

பிள்ளைகள் போனபின் உட்கார்ந்து உரத்திலிருந்து ஜிகினாவும் நைலான் நூலும் பொறுக்கினேன். மையத்துக் குப்பைத் தொட்டியில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

நாலு பாத்தி முடிந்தது. கீழே கல் இருப்பதால் பள்ளப் பாத்தி சரிவராது, மேட்டுப் பாத்திதான். ஓரத்துக்கு அந்த டைல்ஸ் உடைசலையே செருகிவிட்டேன். அடியில் காய்ந்த தென்னை மட்டை, அதன்மேல் சருகு, பிறகு சலித்த மண்ணும் அண்ணன் கொண்டுவந்த உரமும் மணலும் கலந்து முழங்கால் உயரம். வேப்பம் புண்ணாக்கைப் பஞ்சவர்ணம் அக்கா கொண்டுவந்தார், கேட்காமலே. எங்கிருந்து என்று கேட்டேன். “எங்க வீட்டு ஆளு வாங்கி வெச்சுட்டுப் போனது. தோட்டம் போடுறேன் தோட்டம் போடுறேன்னே போயிருச்சு” என்றார். அவர் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறதாம்.

மண்ணை ஒரு பிடி இறுக்கிப் பிடித்தேன். உருண்டையாக நின்றது. விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இப்படி உதிர வேண்டும். முழங்கை வரை மண்ணுக்குள் விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே வெதுவெதுப்பு. யாராவது பார்த்திருந்தால் டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றிருப்பார்கள். எனக்குத் தோட்டத்தில் எல்லாம் ஆசை கிடையாது, உத்தரவு என்பதால் செய்கிறேன். ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

போட்டோ எடுத்தேன். கேட்டுக்கு வெளியே, மணல் மூட்டை கொண்டுவந்த அண்ணனும் வண்டியும் படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

ஜூலை 5, சனி

தெருநாய் ஒன்று இரண்டாம் பாத்தியில் குழி பறித்துப் படுத்திருக்கிறது. இவ்வளவு மெத்தென்று அதற்கு வேறெங்கே கிடைக்கும். விரட்டினேன். என்னைப் பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து ரெண்டாம் நாள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாத்தி மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்ததால் மேலே போட இன்னும் ஒரு மூட்டை கேட்டிருந்தேன். அண்ணன் கொண்டுவந்தான்.

“இது குவியலுக்கு மேலருந்து அள்ளுனது. இன்னும் மக்கல பாப்பா. ஒரு மாசம் மூடிப்போட்டு வெச்சுட்டுப் போடு.”

“ஆடிய விட்டுட்டு எப்ப விதைக்கிறது? ஐப்பசியிலயா?”

“எனக்கென்ன. நீ டீச்சர்.”

பரப்பிவிட்டேன். வெண்டை, கொத்தவரை, அரைக்கீரை விதைத்தோம். ஒரு பாத்தியைக் கத்தரி நாற்றுக்கு விட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு குழியில் வெண்டை விதை போட்டார்கள். யாழினி தன் குழியில் ஒரு சாக்லேட்டையும் போட்டு மூடினாள்.

ஜூலை 24, வியாழன்

காலையில் வந்து பார்த்தால் பாத்தி முழுக்கப் பச்சை. வெண்டை வரிசையில் வரவேண்டும். இது வரிசையில் இல்லை. பாசிப்பயறு, தட்டாம்பயறு, கொள்ளு, எள், இன்னும் என்னென்னவோ முண்டியடித்துக்கொண்டு. நடுநடுவே கீற்றுக் கீற்றான இலையோடு செண்டுமல்லி நாற்று. நூறு இருக்கும்.

முதலில் கேட்டைத்தான் திரும்பிப் பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று.

அடக்கம் முடிந்து பால் தெளிக்கிற அன்று குழிமேட்டில் நவதானியம் தூவுவார்கள். அண்ணன் அதையும் மாலையோடு கூட்டிக் குவிப்பான். மாலையில் காய்ந்த செண்டுப்பூ ஒவ்வொன்றும் ஒரு விதைப் பொட்டலம். மக்காமல் வந்த மூட்டை அத்தனையும் முளைத்து நிற்கிறது. சுடுகாடு அப்படியே எழுந்து நின்று வணக்கம் சொல்வது போல இருந்தது.

பிடுங்குவதற்குள் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். முதலில் சுகந்தி. தன்யாவின் அம்மா. இந்தத் தெருவில் அவள் சொன்னால் நாலு வீடு கேட்கும்.

“இதென்ன டீச்சர், முளைப்பாரி மாதிரியில்ல இருக்கு. அம்மன் கோயில் ஊருணியில அள்ளுன மண்ணா?”

பஞ்சவர்ணம் அக்கா குனிந்து பார்த்தார். “ஆமாடி, ஒம்போது தானியமும் வந்துருக்கு. முளைப்பாரி கரைச்ச மண்ணுதான்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா, கோயில் மண்ணுதான்” என்றேன்.

சுகந்தி ஒரு பயறு முளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. போயிருந்தால் நான் இன்று மாட்டியிருப்பேன். அம்மனுக்கும் அதே ஒன்பது தானியம், பிணத்துக்கும் அதே ஒன்பது. இவர்களுடைய மூடத்தனம்தான் என்னைக் காப்பாற்றியது. நான் சொன்னது பிள்ளைகளின் நன்மைக்காக.

ஆகஸ்ட் 2, சனி

நவதானியத்தைப் பிடுங்கிப் பாத்தியிலேயே மூடாக்காகப் போட்டுவிட்டோம். செண்டுமல்லியையும் பிடுங்கப் போனேன். பஞ்சவர்ணம் அக்கா விடவில்லை. “ஓரத்துல நிக்கட்டும் டீச்சர். வெண்டிக்குப் பக்கத்துல செண்டு நின்னா வேர்ப்பூச்சி அண்டாது. பூப்பூத்தா வெள்ளிக்கெழம சாமிக்கும் ஆச்சு.” நாற்றுகளைப் பெயர்த்து டைல்ஸ் ஓரமாக நட்டோம். பூச்செடிக்கு உத்தரவும் இருக்கிறது. யாழினியின் சாக்லேட் முளைக்கவில்லை. எறும்பு தின்றுவிட்டது என்று சொன்னதற்கு, “அப்ப எறும்புக்குத்தான் நட்டோமா?” என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் கீரை. பருப்போடு கடைந்து போட்டோம். எப்போதும் பருப்பை மட்டும் நக்கிவிட்டுக் கீரையை ஓரம் தள்ளும் கூட்டம். இன்று யாரும் தள்ளவில்லை. “இது நான் தண்ணி ஊத்துனது” என்று ஒருவன் அடுத்தவன் தட்டைக் காட்டி உரிமை கொண்டாடினான். சண்டை. ரெண்டு பேருக்கும் இன்னொரு கரண்டி.

நல்ல நாள். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கத்தரிக்கு உரம் கொண்டுவந்தான் அண்ணன். நன்றாக மக்கியது. மூட்டையை இறக்கும்போது பஞ்சவர்ணம் அக்கா, “ஏப்பா, இதே கோயில் மண்ணுல எங்க வீட்டுக்கும் ஒரு மூட்டை கொண்டாந்து போடேன்” என்றார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். “போட்டுர்றேன்த்தா.”

அவர் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டான். “எந்தக் கோயில் பாப்பா?”

நான் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நம்மளதும் கோயில்தான். சங்கு ஊதுறாக. மணி அடிக்கிறாக. பூமாலைக்குக் கொறச்சல் இல்ல. சாமிதான் எந்திரிக்க மாட்டேங்குது” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கடும் வெயில். தண்ணீர் கேட்காமலே வண்டியை எடுத்தான். தம்ளர் உள்ளே இருந்தது. எடுத்துவருவதற்குள் போய்விட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

திருட்டு நடக்கிறது. வியாழன் மாலை செடி நிறையச் செண்டு, வெள்ளி காலையில் வெறும் காம்பு. ரெண்டு வாரமாக. பஞ்சவர்ணம் அக்கா சொல்லிவிட்டுப் பறிக்கிறார். மற்றவர்கள் சொல்லாமல். சுகந்தி வீட்டு ஜன்னல் வழியே இன்று பார்த்தேன். சாமி படங்களுக்கு எல்லாம் மஞ்சளும் காவியுமாகச் சரம். எங்கள் செண்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. மத்தியானம் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன். தெருவில் ஒரு வீடு விடாமல் சுடுகாட்டு மாலை.

வெண்டை தினமும் காய்க்கிறது. ரெண்டு நாள் விட்டால் முற்றிவிடும். ஒடித்துப் பார்த்துப் பறிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒடித்துப் பார்க்கிறார்கள், என் பேனா உட்பட.

செப்டம்பர் 19, வெள்ளி

சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போகத் தாய்மார்கள் வந்து நிற்கும் நேரம். அண்ணன் அந்த நேரத்துக்கு வரமாட்டான். இன்று வேலை இழுத்து, தாமதமாகிவிட்டது. மூட்டையோடு வந்து நின்றான்.

யாழினியின் தாத்தா சோலையப்பன் அவனைப் பார்த்தார். கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். பிறகு இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீரணன்தானப்பா நீ? என்னத் தெரியுதா? ஐப்பசியில எங்க வீட்டம்மாளுக்கு... அன்னைக்கு மழை கொட்டுச்சு. எம் மயனுக வண்டிக்குள்ள போய் ஒதுங்கிட்டானுக. நீதான் சிதைக்கு மேல தகரத்தப் புடிச்சுக்கிட்டு நின்ன, கடைசி வரைக்கும். ஒன்னிய மறப்பேனா நானு.”

அண்ணன், “பரவால்ல பெரியவரே, பரவால்ல” என்று கையை உருவப் பார்த்தான். அவர் விடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களிடம், “ரயிலு கேட்டுக்கு அப்பால சுடுகாட்டுல இருக்காரு. தங்கமான ஆளு” என்றார்.

சுகந்தி மூட்டையைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள்.

“அப்ப இந்த மண்ணு?”

அண்ணன்தான் பேசினான். “நான் சும்மா மூட்டை தூக்குறவன் தாயி. மண்ணு கோயில் மண்ணுதான்.”

அவன் இறக்காத மூட்டையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 20, சனி

பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பாதிப் பிள்ளைகள் கையில் டப்பா. வீட்டுச் சோறு. மையத்துச் சாம்பார் அண்டாவில் அப்படியே இருக்கிறது. தன்யா, “அம்மா இங்க தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னுச்சு” என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

சாவு விழாத வீடு எது இந்தத் தெருவில்? செத்த அன்றைக்கு அவன் வேண்டும். எரிகிறதா என்று நின்று பார்க்க அவன் வேண்டும். மறுநாள் அவன் தொட்ட பூவில் முளைத்த செடி ஆகாது. இவர்களுக்குச் சோறு போட்டு, இவர்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து...

பஞ்சவர்ணம் அக்கா என்னோடு பேசவில்லை. பூசை அறையைக் கழுவி, படங்களை எல்லாம் துடைத்தாராம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார். “கோயில் மண்ணுன்னு எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொன்னீக?”

“நீங்கதானக்கா முளைப்பாரின்னீங்க.”

“நான் தெரியாம சொன்னேன். நீங்க ஆமான்னீக.”

அண்ணன் போன் செய்தான். இனி வரமாட்டானாம். உரம் வேண்டுமென்றால் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவானாம். “ஒன் வேலைக்குச் சிக்கல் வந்துறக்கூடாது பாப்பா” என்றான். சரி என்றேன். அதுதான் நடைமுறைக்குச் சரியானது.

செப்டம்பர் 24, புதன்

தாய்மார்கள் கூடி வந்தார்கள். பாத்தியை அழித்துவிட்டு மேலே சிமென்ட் போட வேண்டும், அந்த ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது. சுகந்திதான் பேசினாள். நான் விதிகளைச் சொன்னேன், உத்தரவு எண்ணைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். யார் பக்கம் பேசப்போகிறார் என்று தெரியவில்லை.

“ஏண்டி சுகந்தி, நீ எத்தன வெள்ளி பறிச்ச?”

“எதை?”

“எதையா. விடியமுன்ன கொசுவத்துல கட்டிக்கிட்டுப் போனியே, அத.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“நானுந்தான் பறிச்சேன். பூசை ரூமக் கழுவி விட்டேன். கழுவுறப்பதான் ரோசனை வந்துச்சு. இத்தன வெள்ளி அந்தப் பூவத்தான் எஞ்சாமி போட்டுக்கிட்டு நின்னுச்சு. மூஞ்சியச் சுழிக்கல. எம் மருமவளுக்கு அஞ்சு வருசமா இல்லாதது, இந்த மாசந்தான் நாளு தள்ளியிருக்கு. சாமியே கழுத்துல போட்டுக்கிச்சு. ஒனக்கு வெண்டிக்கா வயித்துக்குள்ள போவாதாக்கும்.”

“அது தெரியாம போட்டதுக்கா.”

“சாமிக்குமா தெரியாது?”

கூட்டம் கலைந்தது. பாதிப் பேர் முகத்தில் யோசனை. சுகந்தி போகும்போது, “என்னமோ போங்க. அந்தாளு மட்டும் வரக்கூடாது” என்றாள்.

மறுபடி உத்தரவைப் புரட்டிப் பார்த்தேன். விதிகளில் அதற்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. இன்றே மையத்தில் கடப்பாரை, மண்வெட்டி, பூவாளிக்கெல்லாம் பொட்டு வைத்துவிடலாம் என்றார் பஞ்சவர்ணம் அக்கா. மூன்று மணிக்கு அவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ரயில் கேட்டுக்குப் போனேன்.

நான் பிறந்த வீட்டிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம். ஆனாலும் இந்த வயதுவரை உள்ளே போனதில்லை. எங்கள் வீட்டிலும் பெண்களை விடமாட்டார்கள். அண்ணன் கூட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். யாராவது போய்விட்டார்களோ என்று நினைத்துவிட்டான்.

“உரம் வேணும்.”

“டீக்கடையில போடுறேன்னேன்ல.”

“நானே அள்ளிக்கிறேன்.”

தெற்கு மூலையில் குவியல் என் தலை உயரம். மேலே நேற்றைய ரோஜாவும் சம்பங்கியும். உள்ளே கையை விட்டால் சுடுகிறது. அடியில் கறுப்பு. நானும் அவனும் அள்ளினோம். வேப்பங்காற்று. ஊரிலேயே அமைதியான இடத்தில் வேலை பார்க்கிறான் என்று தோன்றியது.

மூட்டையை முன்னால் வைத்துக் கட்டியதும் நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

“எங்க ஏறுற? ஆட்டோவுல போ.”

“வண்டிய எடுண்ணே.”

“பாப்பா, புள்ளைகளக் கூப்புட வர்ற நேரம்.”

“தெரியும். எடு.”

கடைவீதி வழியாக வந்தோம். மையத்துக் கேட்டுக்கு முன் எல்லாரும் நின்றிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல வெளியே நிறுத்தப்போனான். நான் இறங்கி, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். உள்ளே ஓட்டிவந்தான்.

சுகந்தி முதலில் வாயைத் திறந்தாள். “டீச்சர், அன்னைக்கே சொன்னோம்ல...”

“எங்க அண்ணன்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. இன்னொரு முறை சொன்னேன். “கூடப் பொறந்த அண்ணன். சுடுகாட்டுலதான் வேலை. எங்க அப்பாவுக்கும் அங்கதான். இது கோயில் மண்ணு இல்ல. மாலை மக்குன மண்ணு.”

“அப்ப நீங்களும்...” என்றாள் சுகந்தி.

“ஆமா. நானும்.”

அவள் தன்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேறு இரண்டு பேரும் போனார்கள். மீதிப்பேர் போகவில்லை. யாழினி மட்டும் மூட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

பஞ்சவர்ணம் அக்கா குங்குமக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். அதைக் கீழே வைத்தார். என் முன்னால் வந்து நின்றார்.

“கூடப் பொறந்தவனா?”

“ஆமாக்கா.”

“ஆனியில வந்தான், இந்தா புரட்டாசி நடக்குது. கூடப் பொறந்தவன வெயில்ல கேட்டுக்கு வெளிய நிப்பாட்டி, ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிருக்க. யாரோ மூட்டைக்காரன், ஒனக்கு அவசரம் அவனுக்கு அவசரம்னு நானும் வுட்டுட்டேன். நீயெல்லாம் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்குற.”

டீச்சர் என்று சொல்லவில்லை. நீ என்றார். அத்தனை பேர் முன்னால். நாலு மாதமாக யார் யாரையோ திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

“எஞ்சாமிக்கு அந்தப் பூவப் போட வெச்சதுக்குத் தனியா ஒன்னியக் கேட்டுக்கிறேன்” என்றவர் உள்ளே போய் டீயோடு வந்தார். அவருடைய தம்ளரில்.

அண்ணன் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். வாங்கித் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டினான். “கி. பஞ்சவர்ணம். பேரு வெட்டுனதாச்சே ஆத்தா. வேற தம்ளர் இல்லியா?”

“இங்க உள்ளதெல்லாம் புள்ளைக தம்ளர்ப்பா. ஒரு மடக்குக்குப் பத்துமா? அதான் நான் வீட்லருந்து கொண்டாறேன். ஆறிப்போவுது, குடி.”

மையத்துத் தம்ளர் சின்னதுதான். நானும் நாலு மாதமாக ரெண்டு முறை ஊற்றித்தான் குடிக்கிறேன்.

சந்தனமும் குங்குமமும் வைத்து, கடப்பாரைக்குச் செண்டுச் சரம் சுற்றினோம். அண்ணன் குடித்துவிட்டுக் குழாயடிக்குத் தம்ளரைக் கழுவப்போனான். பஞ்சவர்ணம் அக்கா பிடுங்கிக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்னும் சில பிள்ளைகள் டப்பா கொண்டுவருகிறார்கள். தன்யாவும். அவள் டப்பாவை யாழினி தின்கிறாள், யாழினியின் தட்டைத் தன்யா தின்கிறாள். விதிப்படி நான் அதைக் கவனிக்க வேண்டும். கவனிக்கவில்லை. மேலே புகார் போகும் என்று பேச்சு இருக்கிறது. போகட்டும். விசாரிக்க யாராவது வந்தால் வெண்டைக்காய்ச் சாம்பார் போட்டுப் பேசுகிறேன்.

கத்தரி பூத்துவிட்டது. ஐந்தாம் பாத்திக்கு இடம் பார்த்து அண்ணன் கடப்பாரையைப் போட்டான். ‘ணங்.’ குனிந்து நோண்டி, வெள்ளையாக ஒன்றை இழுத்து வெளியே போட்டான்.

யாழினி ஓடிவந்தாள். “டீச்சர், மிச்ச பாதி.”

ஐந்தாம் பாத்தி ஆரம்பம் என்று போட்டோ எடுத்தேன். கக்கூஸ் பீங்கான் பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாழினி. செண்டுச் செடிகளுக்கு நடுவில் படுத்திருக்கும் நாய். கரண்டியோடு பஞ்சவர்ணம் அக்கா. மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, போட்டோவுக்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் அண்ணன். எல்லாரும் படத்தில் விழுந்திருக்கிறார்கள். எதையும் வெட்டாமல் அனுப்பிவிட்டேன்.